சர்வரோகத்தின் ஒரே மருந்து

செயற்கைக் கை, கால் செய்யும் அந்தப் பட்டறையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சர்வரோகம் என்று பெயர் வைத்தது அங்கே அளவெடுக்கும் அளவுக்காரிதான். எந்த நோய்க்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? முதலாளியின் மச்சினன். தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், அக்கா புண்ணியத்தில் தனி அறைக்கு வந்துவிட்டார். வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டபோது தாழ்ப்பாளையே கழற்றி எறிந்த மகானுபாவர். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அவர் மனைவி பாவம், இன்றைக்கும் சத்தமாகப் பாடிக்கொண்டுதான் குளிக்கிறாளாம்.

வருகிறவர்களின் கை கால்களை ஸ்கேன் எடுப்பது அளவுக்காரியின் வேலை. அந்தக் கோப்புகளைத் தினமும் காலையில் வெட்டும் இயந்திரத்தின் ஃபோல்டருக்குத் தானாக அனுப்ப அவளே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தாள். ஒரு நாள் அது 'அனுமதி இல்லை' என்று நின்றுவிட்டது. அவள் செய்தியைக் கடைசி வரி வரை படித்தாள். அந்த ஃபோல்டர், வேலையை விட்டுப்போன ஒருவர் பெயரில் இருந்தது. பெயரை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அதற்கான கடவுச்சொல் சர்வரோகத்திடம் இருந்தது.

"சார், இந்த ஒரு ஃபோல்டரை மட்டும் என் பேருக்கு மாத்திக் கொடுங்க, போதும்."

"நீ அளவெடுக்கிற வேலையைப் பாரும்மா. பர்மிஷன் பிரச்சினைன்னா மூணு ஏழுதான்."

செய்தியை அவர் படிக்கவே இல்லை. ஒற்றை விரலால் 777 என்று தட்டி, மேலிருந்து கீழ்வரை இருந்த எல்லா ஃபோல்டர்களையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். யாரும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். ஸ்கிரிப்ட் ஓடியது. மலையைப் புரட்டியவர் போல ஒரு பார்வை பார்த்தார்.

அளவுக்காரி திறந்து கிடந்த பட்டியலைப் பார்த்தாள். அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேன்கள் எல்லாம் அதற்குள்தான் ஒரு சேமிப்பு ஃபோல்டரில் இருந்தன. அதில் ஒன்று தையல்காரம்மாவின் வலது கை. கட்டி வந்து, மணிக்கட்டோடு எடுக்க வேண்டிய கை. "மோதிர விரல் கோணலா இருக்கும், சின்ன வயசுல கதவுல நசுங்கினது. அதை நேராக்கிடாதீங்க. என் கை மாதிரியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள். இடது கையின் ஸ்கேனைக் கண்ணாடிப் பிம்பம் போலப் புரட்டிப் போட்டால் ஏதோ ஒரு கை கிடைக்கும். அவள் கை கிடைக்காது.

"சேமிப்பு ஃபோல்டரும் திறந்துகிச்சே சார். அழிஞ்சுபோச்சுன்னா?"

"ஃபைலுக்கு 'படிக்க மட்டும்'னு போட்டு வை. அந்தக் கடவுளே வந்தாலும் அழிக்க முடியாது."

போட்டாள். அந்த அரைவேக்காட்டின் பேச்சை நம்பினாளே, அதற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது பிற்பாடு. அந்தக் கணினிகளில் ஒரு கோப்பை அழிக்கக் கோப்பின் அனுமதி வேண்டியதில்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுத அனுமதி இருந்தால் போதும். டப்பாவைப் பூட்டிவிட்டு அலமாரியைத் திறந்து வைத்த கதை.

சர்வரோகம் எழுதிய துப்புரவு ஸ்கிரிப்ட் ஒன்று சனிக்கிழமைதோறும் முப்பது நாளுக்கு மேற்பட்ட கோப்புகளையெல்லாம் அழிக்கும். சேமிப்பு ஃபோல்டரின் வாசலில் மட்டும் ஒவ்வொரு வாரமும் 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அடிபட்டுத் திரும்பும். இத்தனை நாளும் காப்பாற்றியது அந்த 'இல்லை'தான். அந்தச் சனிக்கிழமை யாரும் தடுக்கவில்லை. நகல் எடுக்கும் வட்டு நிறைந்துவிட்டது என்று நகலெடுப்பதையே போன வருடமே நிறுத்தியிருந்தார் புண்ணியவான்.

திங்கட்கிழமை தையல்காரம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது அளவுக்காரி வெறும் ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டாள். தையல்காரம்மா புடவைத் தலைப்பை இழுத்து வலது கையை மூடிக்கொண்டாள். அளவுக்காரிக்குத்தான் அழுகை வந்தது.

சர்வரோகம் உள்ளே வந்தார். பெஞ்சைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார்.

"ஒரு ஃபைல் போனதுக்கா இந்த ஒப்பாரி? இன்னொரு தடவை ஸ்கேன் எடுத்தா முடிஞ்சுது."

தையல்காரம்மா எழுந்து வந்தாள். புடவைத் தலைப்பை விலக்கி, மணிக்கட்டோடு முடிந்த வலது கையை ஸ்கேனரின் அடியில் வைத்தாள்.

"எடுங்க சார்" என்றாள்.