கொச்சியில் யாருக்கு ஹீட்டர்?

மட்டாஞ்சேரியில் கார் ஹீட்டர் போடுகிற ஒரே ஆள் என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும். ஜூ டவுன் மசாலாச் சந்தையில் ஜாதிபத்திரித் தரகு அவர் பிழைப்பு. பத்திரி வருவதே மழைக்காலத்தில். கடையில் காட்டும் சாம்பிள் கொஞ்சம் நமத்திருந்தாலும் விலை சறுக்கிவிடும். அடுப்பில் காட்டினால் புகை மணம் ஏறும். அதனால் முன்சீட்டில் துணி விரித்துப் பத்திரியைப் பரப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டரைப் போடுவார். பிறகு விரலால் தடவிப் பார்த்து, காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். வியாபாரிகள் அந்த விரலை நம்பித்தான் சரக்கு எடுத்தார்கள். எங்கள் வீட்டுச் சோறும் அதில்தான்.

போன வருடம் கார் கம்பெனியிலிருந்து ஃபோனுக்குச் செய்தி வந்தது. எங்கள் மாடலில் ஹீட்டருக்குள் ஒரு பாகம் பழுதாம், சூடேறித் தீப்பிடிக்கலாமாம். இலவசமாக மாற்றித் தருவார்கள், அதுவரை ஹீட்டர் போடக்கூடாது. அன்றைக்கே இவரை இழுத்துக்கொண்டு இடப்பள்ளி சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவன் சிரித்தான். இந்த ஊரில் முஸ்லிம் அக்காமாரை இத்தா என்பார்கள். "இத்தா, கொச்சியில ஆரு ஹீட்டர் போடுது? பார்ட் முதல்ல மூணாறு பக்கம்தான் போகும். இங்க வந்தா விளிக்கிறோம்."

"நாங்க போடுறோம்ங்க. மழை வந்தா தினம் போடுறோம்."

"எதுக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் இவர் என் கையை அழுத்தினார். "சும்மா இரு புள்ள," என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு அவனிடம், "மெதுவா போதும் சேட்டா" என்றார். தரகன் சாம்பிளை எப்படிக் காயவைக்கிறான் என்பது வெளியே தெரியக்கூடாதாம். தொழில் ரகசியம்! மண்ணாங்கட்டி ரகசியம்.

மழை பிடித்தது. பார்ட் வரவில்லை. பெரிய வியாபாரி ஒருவருக்குக் காட்ட வேண்டிய பத்திரி நமத்துப் போயிருந்தது. "வேணாம் மச்சான், சொன்னாக் கேளுங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "கொஞ்ச நேரந்தான்" என்று ஹீட்டரைப் போட்டுவிட்டு எதிர்க் கடையில் சாயா குடிக்கப் போனார். காருக்குள்ளிருந்து புகை வந்ததும் ஓடினார். ஓடியவர் கதவைத் திறந்து, பத்திரியை எடுக்கக் கையை உள்ளே விட்டார். யா அல்லாஹ், பத்திரியை! உருகிய பிளாஸ்டிக் வலது கை விரல்களில் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியிலிருந்தே அந்தச் சிரித்தவனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "ஹீட்டர் போடவேண்டாம்னு மெசேஜ் அனுப்பினோமே, இத்தா." வெந்த புண்ணில் வேல். ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

விரல்கள் ஆறிவிட்டன. தோல் வழவழவென்று இருக்கிறது. அதில் உணர்ச்சி இல்லை.

இந்த மழைக்கு முதல் சாம்பிள் வந்த அன்று வலது கையால் தடவினார், பழக்கமில்லாத இடது கையால் தடவினார். பிறகு என் பக்கம் நீட்டி, "காஞ்சிருக்கா, பாரு" என்றார். கல்யாணமான நாள் முதல் அவர் சரக்கை என்னைத் தொடவிட்டதில்லை. எனக்கு என்ன தெரியும்? அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "காஞ்சிருக்கு" என்றேன்.

மறுநாள் வியாபாரி நமத்திருக்கிறது என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். இவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன்.