தெருவில் நின்ற பிரிட்ஜும் கனகேஸ்வரி அன்ரியும்

உலகத்தில் இதுவரை கறுப்புக் கோட்டுப் போட்ட அத்தனை வழக்கறிஞர்களையும் ஒரு தராசுத் தட்டில் ஏற்றி, மற்றத் தட்டில் எங்கள் மேல்மாடிக் கனகேஸ்வரி அன்ரியை இருத்தினால், கோட்டுக்காரர் எல்லோரும் ஆகாயத்துக்குப் போய்விடுவார்கள். அன்ரியின் நிறையைச் சொல்லவில்லை.

வெள்ளவத்தைச் சந்தையில் தக்காளி நிறுக்கும் வியாபாரி தட்டில் கையை வைத்தால், கை கிலோ என்ன விலை என்று கேட்பார். மூட்டைப்பூச்சி மருந்து வேலை செய்யவில்லை என்று உயிரோடு இருந்த பூச்சியைப் போத்தலில் அடைத்துக் கடைக்குக் கொண்டுபோய்க் காசைத் திருப்பி வாங்கியவர்.

தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தார். தோசை மா அரைத்து லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்களுக்கு விற்றுத்தான் சீவியம். கொழும்பு வெக்கையில் மா மத்தியானத்துக்குள் புளித்து வழிந்துவிடும். ஆகவே ஒரு கம்பனியிடம் தவணைக்குப் பிரிட்ஜ் எடுத்தார். பிரிட்ஜ் போனால் சோறும் போச்சு.

ஒழுங்காகத்தான் கட்டிவந்தார். பிறகு ஒரு சுற்றிவளைப்பில், மாவுக்குக் கடன் சொன்ன லொட்ஜ்காரரில் பாதிப்பேரைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனது. தடுப்பில் இருக்கிறவனிடம் தோசை மாக் காசு கேட்பது முறையில்லை என்பது அன்ரியின் கொள்கை. இரண்டு தவணை தவறியது.

ஒரு செவ்வாய்க்கிழமை கம்பனி ஆட்கள் இருவர் வந்தார்கள். பெரியவர் கொட்டாஞ்சேனைக் கிளெமென்ற். நான் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அன்று மட்டும் என்று சொன்னால் பொய்.

“தம்பி, முக்கால்வாசிக்கு மேல கட்டியாச்சு. இனி நீதவானின்ர கோட்டு ஓடர் இல்லாமல் தூக்கேலாது. சட்டம் இருக்கு,” என்றார் அன்ரி.

“சட்டம் இருக்கட்டும் அக்கா. பிரிட்ஜ் போகட்டும்,” என்றார் கிளெமென்ற்.

உள்ளே இருந்த மாச் சட்டியை எடுக்கக்கூட விடவில்லை. அப்படியே இறக்கித் தெருவோரமாய் ஒழுங்கையில் வைத்தார்கள். லொறி வரவில்லை. சாரதி அடையாள அட்டையை மருதானையில் மறந்து விட்டு வந்ததால், காலி வீதிச் சோதனைச் சாவடியில் அவரை மறித்து வைத்திருந்தார்கள். அவருக்காகக் கதைக்கக் கிளெமென்றும் மற்றவரும் போனார்கள். அன்ரி பற்றுச்சீட்டுகளைத் தேடி மேலே ஓடினார். பிரிட்ஜ் தனியாக வெயில் காய்ந்தது.

அந்த நாட்களில் கொழும்பில் பாண் வாங்கிய ஒரு பை அநாதையாகக் கிடந்தாலே குண்டோ என்று தெருவைப் பூட்டுவார்கள். இதுவோ ஓர் ஆள் உயரப் பிரிட்ஜ். யாரோ ஒரு பொறுப்புள்ள பிரசை பொலிசுக்குப் போன் பண்ணிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கைச் சனம் முழுவதும் தண்டவாளத்துக்கு அப்பால் கடற்கரையில் நின்றது. குளித்துக்கொண்டிருந்த ஒருவர் சவர்க்கார நுரையோடு வந்திருந்தார். பொலிஸ்காரர்கள் பிரிட்ஜைத் தூரத்திலிருந்து சுற்றிப் பார்த்து, பிறகு கிட்டப் போய்த் திறந்தார்கள். உள்ளே சாறு பிழிய வைத்த ஒரு தேசிக்காய்.

“யாருடைய பிரிட்ஜ்?” என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கத்தினார். கிளெமென்ற் திரும்பி வந்து சேர்ந்த நேரம் அதுதான். பொலிசின் கையிலிருந்த துவக்குகளைப் பார்த்தார். தேசிக்காயைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

“எங்கட இல்ல சேர்! அந்த நோனாட!” என்று அன்ரியைக் காட்டினார்.

அன்ரி பற்றுச்சீட்டுக் கட்டோடு முன்னுக்கு வந்தார். “ஓம் மாத்தயா, என்ர தான். அவரே சொல்லிப்போட்டார். எழுதிக்கொள்ளுங்கோ.”

இன்ஸ்பெக்டர் எழுதினார். பிறகு, உன்னுடையது ஏன் தெருவில் நிற்கிறது என்று கேட்டார்.

“கோட்டு ஓடர் இல்லாமல் தூக்கினவை.”

இன்ஸ்பெக்டர் கிளெமென்றிடம் கையை நீட்டினார். கிளெமென்ற் பைகளைத் தடவினார். ஒரு சீப்பும் லொத்தர் சீட்டும் வந்தன.

பிரிட்ஜ் வந்த வழியே மேலே போனது. தூக்கியவர்கள் அதே இருவர்தான். ஒவ்வொரு படியிலும் அன்ரி பின்னால் போனார்.

“மெல்ல, தம்பி. சுவரிலை இடிச்சால் நட்டஈடு கேப்பன்.”

“அக்கா, அந்த ரெண்டு தவணை?” கிளெமென்றுக்கு மூச்சு வாங்கியது.

“கட்டுவன். கட்டமாட்டன் எண்டு ஆர் சொன்னது? முறையா வாங்கோ எண்டுதானே சொன்னனான். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

அவர்கள் குடித்துவிட்டுப் போன பிறகு அன்ரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் மாச் சட்டி.

“மாடிப்படிக்குக் கீழை இருந்தது.”

“பூனை கீனை இழுத்திருக்கும், அன்ரி.”

“பூனை துணியாலை மூடியும் வைச்சிருக்கு.”

நான் வானத்தைப் பார்த்தேன்.

“பிரிட்ஜுக்குள்ள குண்டு எண்டு பயந்தவன், முதல்ல மாவை எடுத்து நிழலிலை வைச்சிட்டே போன் பண்ணினவன்?”

“ஆர் பண்ணினவனோ, அன்ரி…”

அன்ரி சட்டியை மூடியிருந்த துணியை எடுத்து உதறி விரித்துக் காட்டினார். வெள்ளைச் சட்டை. பையில் பள்ளிக்கூடச் சின்னம்.

“இந்த ஒழுங்கையிலை பள்ளிக்கூடச் சட்டையை இவ்வளவு புதுசா வைச்சிருக்கிறவன் நீ ஒருத்தன்தான்.”