சனிக்கிழமைக்கு ஒதுக்கிய காய்கள்

எங்கள் வீட்டில் வாரச் சாப்பாட்டுத் திட்டம் என் பொறுப்பு. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எந்த நாள் பகல் ஷிப்ட், எந்த நாள் இரவு ஷிப்ட் என்பது அவளுக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும். நான் தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் ஃபைல் தள்ளுகிறவன். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அம்மாவுக்கு முட்டிவலி, அடுப்படியில் நிற்க முடியாது. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே குறை சொல்ல அவளுக்கு வாய் வலித்ததே இல்லை. ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு சிம்மக்கல் காய்கறிக் கடைகள் பக்கம் கிளம்புகிறவன் நான்தான்.

என் சட்டம் ரொம்ப எளிது. எந்தக் காய் கொட்டிக் கிடக்கிறதோ அதுதான் அந்த வாரத்துக் காய். தையில் மொச்சையும் அவரையும், சித்திரையில் மாங்காயும் வெள்ளரியும். விலை ஏறிய காய்க்கு எங்கள் வீட்டில் வேலை இல்லை, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அது தானாக இறங்கி வரும் வரை காத்திருப்பேன். வாங்கி வந்ததில் வாடுவதை முதலில் சமைக்க வேண்டும். கீரை அன்றைக்கே. வெண்டையும் கத்தரியும் அடுத்த நாட்களில். தாங்குகிற காய்கள் கடைசிக்கு. பூசணியும் சேனையும் சனிக்கிழமை வரை அசையாது. வாழைக்காயைத் தண்ணீரில் போட்டு வைத்தால் அதுவும் பழுக்காமல் நிற்கும். அலுவலகத்தில் என்னைச் 'சமையல் மாஸ்டர்' என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். மாசக் கடைசியில் என் டிபன் டப்பாவைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள்.

இந்தத் திட்டத்துக்கு அடங்காத ஒரே காய் பாகற்காய். எங்கள் யாருக்கும் அது தொண்டையில் இறங்காது. அண்ணன் ஒருவன்தான் அதைக் கேட்டு வாங்கித் தின்பான். அம்மா அவனைப் பெரியவன் என்றுதான் கூப்பிடுவாள். வடக்கே முறுக்குக் கம்பெனி வேலைக்குப் போனவன், கல்யாணமாகாதவன். முதலில் வாரம் ஒரு போன் வந்தது. பிறகு மாசத்துக்கு ஒன்று. ஒருநாள் அவன் நம்பரே அணைந்துபோனது. கூட வேலை பார்த்தவர்களிடம் கேட்டோம், போலீஸில் எழுதிக் கொடுத்தோம், நான் ரயிலேறிப் போய் அந்த ஊரையும் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன.

"பாவக்கா கால் கிலோ போட்டுக்கடா. அவன் திடுதிப்புனு வந்து நின்னா என்னத்தக் குடுக்கிறது?" இது ஒவ்வொரு ஞாயிறும் அம்மா சொல்வது.

நானும் வாங்கி வருவேன். அது ஃபிரிட்ஜின் அடித்தட்டில் கிடந்து, மஞ்சளாகி, வெடித்து, சிவப்பு விதையைக் காட்டும். அடுத்த ஞாயிறு குப்பைக்குப் போகும். புதுப் பாகற்காய் அந்த இடத்துக்கு வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் இல்லை என்பது எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. மனைவியிடம் மட்டும் அதைச் சொல்லியிருக்கிறேன், கரண்ட் பில் கட்டியாயிற்று என்று சொல்கிற குரலில். அம்மா முன்னால் வாய் திறக்க முடியாது. அவன் உயிரோடு இருக்கிறான் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். அதை எடுத்துவிட்டால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அது புரட்டாசி மாதம். தெருவே கவிச்சியை விட்டிருந்தது. வெங்காயமும் பூண்டும் தக்காளியும் கேட்கவே முடியாத விலைக்குப் போயிருந்ததால் மூன்றையும் அந்த வாரம் அடியோடு வெட்டிவிட்டேன். கேரட்டும் பீன்ஸும் அப்படியே. நாட்டுக் காய்கள் மட்டும் குவிந்து கிடந்தன. காய்காரர், "எடுத்துக்கங்கண்ணே, வீணாத்தான் போகுது" என்று ஒரு சீப்பு வாழைக்காயைச் சும்மாவே பைக்குள் தள்ளினார். மாடிவீட்டு அக்கா, தங்கள் தோட்டத்தில் காய்த்ததென்று அவரைக்காய் கொடுத்தார். நான் கேட்காமலே எல்லாம் வந்து சேர்ந்தன. அன்றைக்கு அதை என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை மனைவிக்கு விடுமுறை. புரட்டாசிச் சனி என்பதால் இலை போட்டுச் சாப்பிடலாம் என்றாள். மகள் பாயசம் கேட்டாள், பாசிப்பருப்பு இருந்தது. இட்லிக்கு ஊறிய உளுந்தில் கொஞ்சம் எடுத்து மனைவி வடை தட்டினாள். சனிக்கிழமைதானே என்று எள்ளுத் துவையலும் அரைத்தாள். வாழைக்காய், சேனை, அவரை, பூசணி என்று மிச்சமிருந்த எல்லாம் அடுப்பேறின. பாகற்காயைக் கையில் எடுத்த மனைவி என்னைப் பார்த்தாள். இந்த வாரமாவது அது குப்பைக்குப் போக வேண்டாம் என்று சொல்லி நானே நறுக்கினேன்.

அரைத்து முடித்ததும் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். எங்கள் செல்லூரில் விசைத்தறிச் சத்தம் நின்றால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அந்த அமைதியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. வீட்டுக்குள் ஒரு வாசனை. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனைதான், ஆனால் எந்த நாளின் வாசனை என்று பிடிபடவில்லை. மகள் ஜன்னலிலிருந்து, "அப்பா, எம்புட்டுக் காக்கா பாருங்க" என்றாள். வெளியே மின்கம்பி முழுக்கக் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கரையவில்லை.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சாப்பிட வந்தாள். இலையைப் பார்த்தாள். உட்காராமல் அப்படியே நின்றாள்.

"யாருக்குடா இது?" என்றாள்.

"நமக்குத்தாம்மா."

"வெங்காயமில்ல. பூண்டில்ல. வாழைக்கா, சேனை, வடை, பாயாசம், எள்ளு. யாருக்குத் திதி குடுக்கிற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் திதிக்கு வருடாவருடம் இதே இலையைத்தான் போடுகிறோம். அந்த வாசனைதான் அது. அதுவும் மகாளய அமாவாசைக்கு முந்திய நாட்கள். செத்துப்போனவர்கள் தத்தம் வீட்டுக்கு வந்து தங்கியிருப்பதாகச் சொல்கிற நாட்கள். அப்பாவின் திதியோ மாசியில்தான் வரும். விலை பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழித்து, நான் ஒரு திதிச் சமையலைச் செய்து வைத்திருந்தேன். அதன் நடுவில் பெரியவனின் பாகற்காயும் இருந்தது.

"வெங்காயம் வெல ஏறிப்போச்சும்மா. அம்புட்டுத்தான்" என்றேன்.

அம்மா ஓர் இலையைக் கிழித்தாள். கிழித்த இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். காக்கைக்கு வைக்காமல் அவள் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, "ஏங்க, வாங்க" என்று வழக்கம்போல அப்பாவைக் கூப்பிட்டாள். தினமும் அந்தக் குரலுக்கு ஒரு காக்கை தவறாமல் வரும். அன்று ஒன்றும் இறங்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அத்தனையும் சோற்றைப் பார்த்தபடி அசையாமல் இருந்தன. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் யார் சட்டையையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அம்மா வெகுநேரம் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, நான் இதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கூப்பிட்டாள்.

"பெரியவனே, வாய்யா. பசியோட நிக்காத."

ஒரு காக்கை இறங்கியது. சோற்றைத் தொடவில்லை, வடையைத் தொடவில்லை. பாகற்காய்த் துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றது. கொத்திக்கொண்டு பறந்து போகாமல், அங்கேயே நின்று, அம்மாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் தின்றது. பாகற்காய் தீர்ந்ததும் பறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மற்றவை சோற்றுக்கு வந்தன.

காக்கை எதைத் தின்னும், எதைத் தின்னாது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு பலமுறை பாகற்காய் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தொடவில்லை.

அம்மா உள்ளே வந்தாள். அழுவாள், விழுவாள் என்று நானும் மனைவியும் இரண்டு பக்கமும் நின்றோம். அவள் அழவில்லை. மருமகளிடம், "காலண்டரப் பாரு தாயி. இன்னைக்கு என்ன திதி?" என்றாள்.

"தசமி, அத்தை."

"தசமி" என்று அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "எந்த நாளுன்னு தெரியாமத்தான் இம்புட்டு வருசமா அவனுக்கு ஒரு வாய்த் தண்ணி விடாம இருந்தேன். இனிமே தெரியும். மறந்துறாதீங்க."

அப்படியானால் இத்தனை வருடமும் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"போய்க் குளிச்சிட்டு வாடா. எள்ளும் தண்ணியும் எறைக்கணும். புள்ளையில்லாதவனுக்குத் தம்பிதான் எறைக்கணும்."

குளித்தேன். ஈர வேட்டியோடு வந்து பால்கனியில் தெற்குப் பார்த்து நின்றேன். மனைவி என் உள்ளங்கையில் எள்ளை வைத்தாள். அம்மா செம்போடு பக்கத்தில் நின்றாள். நான் தண்ணீரை வாங்கி, எள்ளோடு சேர்த்துக் கீழே விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவன் செத்துவிட்டான் என்று எப்போதோ முடிவு கட்டியவன் நான். ஆனால் என் விரல்கள் மூடிக்கொண்டன.

"வேணாம்மா. அவன் வருவாம்மா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கையத் தொறய்யா" என்றாள். நான் திறக்கவில்லை.