நேராத நேர்ச்சை

எங்கள் சங்கரன்கோவிலில் கோயில் என்றாலே சங்கரநாராயணர் கோயில்தான். அதனால் வேதக்காரர்களான நாங்கள் எங்கள் கோயிலைச் சர்ச் என்றே சொல்வோம். என் வீட்டுக்காரர் தங்கப்பழம் அந்தச் சர்ச்சுக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பூசை முடியும்வரை வாசலில் செருப்போடு செருப்பாக நிற்பார்.

வேண்டிக்கொண்டு செலுத்தும் நேர்ச்சை என்றால் மட்டும் முன்னால் நிற்பார். மோட்டார் கடை திறக்க, புளியம்பட்டி அந்தோணியாருக்கு மொட்டை. போர்வெல்லில் தண்ணீர் வந்ததற்கு இன்னொரு மொட்டை. சுகிர்தா பிறந்ததற்கு ஊருக்கே சோறு போட்டார். காணாமல்போன நாய்க்குக்கூட மெழுகுவர்த்தி ஏற்றினார்.

மகள் சுகிர்தா வேறு மாதிரி. கல்லூரிக்குப் போனவள் நற்கருணைக்கு முன்னால் மணிக்கணக்கில் மௌனமாக இருக்கும் ஆராதனையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முழங்காலில் நின்றால் உதடுகூட அசையாது. பெற்றவள் எனக்கே அவளைப் பார்க்க மேல் சிலிர்க்கும்.

"அப்படி என்னத்தட்டி கேக்குத?" என்பார் இவர்.

"ஒண்ணும் கேக்கலப்பா. சும்மா இருக்கேன்."

"பொழைக்கத் தெரியாத புள்ள" என்று என்னிடம் அங்கலாய்ப்பார்.

போன வருடம் எனக்குத் திருநெல்வேலியில் இதய ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது, இந்த மனுஷன் எத்தனை மொட்டை நேரப்போகிறாரோ என்று நினைத்து, பயத்திலும் சிரிப்பு வந்தது.

பிழைத்து வீடு வந்தேன். அவர் எண்ணெய் தேய்த்துத் தலை வாரிக் கடைக்குப் போனார். புளியம்பட்டிப் பேச்சே இல்லை. நாயைவிடவா நான் கேவலம்?

ஒருநாள் சோறு போடும்போது கேட்டே விட்டேன். "எனக்காக என்ன நேந்திய?"

பிசைந்த கை நின்றது. "ஒண்ணும் நேரல."

கரண்டியை வீசிவிட்டுப் போய்விடலாம் போலிருந்தது. சுகிர்தா குறுக்கே வந்தாள்.

"யம்மா, அப்பா ஆஸ்பத்திரி சேப்பலுக்குள்ள வந்து என் பக்கத்துல முழங்கால் போட்டாவ. நீ வெளிய வார வரைக்கும் எந்திரிக்கவே இல்ல."

வாசலைத் தாண்டாத மனுஷனா? நான் அவரையே பார்த்தேன்.

"நேரத்தான் போனேன்ட்டி" என்றார், தட்டைப் பார்த்தபடி. "மொட்டைன்னு ஆரம்பிச்சேன். உனக்கு ஒரு மொட்டதானான்னு இருந்துச்சு. கடையவே தாரேன்னு சொல்லப் பாத்தேன். எதச் சொன்னாலும் உனக்கு ஈடாக் காணாதுன்னு தோணிட்டு. அதான் அவளப் போல சும்மா இருந்துட்டேன்."

இத்தனை வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பிரமித்து நின்றேன். அவர் குழம்பு கேட்டார். கரண்டியை வைத்துவிட்டு, சட்டியோடு தூக்கி அவர் முன்னால் வைத்தேன்.