சின்னக்கானல் அணைக்கு ரெகுலேட்டர் கொண்டுபோனது

எங்கள் பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஆளுக்கொரு பயணக் கட்டுரை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நான் போன ஒரே தூரப் பயணம், போன மாசியில் முதலமடையிலிருந்து சின்னக்கானலுக்குப் போனதுதான். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு சிம்னி விளக்கின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சரசக்கா பக்கத்துப் பாயில்தான் படுத்திருக்கிறாள். அவள் அசைந்தாலே தாளைப் பாய்க்கடியில் தள்ளிவிடுகிறேன்.

போன காரணம் இது. அக்காவின் கணவர் சின்னக்கானலில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கராக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள அணையில் அக்கரைக்குப் போக மூங்கில் தெப்பத்தில் ஏறினார். தெப்பம் கவிழ்ந்து முழுகிவிட்டார். ஆளைத் தேடியும் கிடைக்கவில்லை. தந்தி வந்ததும் அப்பா முன்னால் போய்விட்டார். மறுநாள் எங்களுக்கு அப்பாவிடமிருந்து ஒரு தந்தி வந்தது: சிலிண்டர் இங்கே இருக்கிறது, பழனிச்சாமி உடனே வரவும்.

பழனிச்சாமி என் தாய்மாமா. கப்பற்படையில் முக்குளிப்பவராக இருந்து விலகி வந்தவர். தண்ணீருக்கடியில் மூச்சு விடுவதற்கான ரெகுலேட்டர் ஒன்று அவரிடம் சொந்தமாக இருந்தது. இதைச் சிலிண்டரின் வாயில் மாட்டினால், உள்ளே அழுத்தி அடைத்த காற்றை நாம் இழுக்கிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். அங்கே இருந்த அக்காவுக்குத் துணையாக என்னையும் அனுப்பினார்கள்.

காலை ஏழரை மணி ரயிலில் பொள்ளாச்சி, அங்கிருந்து பஸ்ஸில் உடுமலைப்பேட்டை. மூணாறு பஸ் போய்விட்டிருந்தது. கோசு இறக்கிவிட்டுக் காந்தலூருக்குக் காலியாகத் திரும்பிய லாரி ஒன்றில் தலைக்கு இரண்டு ரூபாய் கொடுத்து ஏறினோம். காட்டுச் சோதனைச் சாவடியில் காவலர் பையைத் திறந்து பார்த்தார். சந்தனக்கட்டை தேடுகிறவருக்கு ரப்பர் குழாயும் பித்தளையும் என்னவென்று புரியவில்லை. மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"இது எந்தா சாதனம்?"

"தண்ணிக்குள்ள மூச்சு உடறதுங்க சார்."

"வெள்ளத்துக்குள்ளயா? அப்போ கரையில எதுக்கு கொண்டு நடக்குது?"

லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "எம்பட வண்டில ஹாரன் அடிக்கறதில்லீங்க சார். அதுக்குத்தான் வாங்கியாந்தாரு" என்றார். காவலர் சிரித்து எங்களை விட்டுவிட்டார். மாமாவும் சிரித்தார். பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

மறையூரில் இறங்கி மூணாறுக்கு பஸ் பிடித்தோம். நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளில் இரண்டு மணி நேரம் ஆகிறது. வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். மூணாறிலிருந்து எஸ்டேட் ஜீப். பொழுது சாயும் நேரத்தில் அணைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அக்கா கரையில் விறகு மூட்டி, கம்பளி ஒன்றை விரித்து அனலில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா மாமா? அவரு எங்கயாச்சும் பாறை மேல ஏறி ஒக்காந்திருப்பாருங்க. குளுருல நடுங்கிட்டு வருவாரு. அதான் கம்பளியச் சூடா வெச்சிருக்கறேன்."

அப்பா மாமாவைச் சிலிண்டரிடம் கூட்டிப்போனார்.

ஆளுயரத்துக்குக் கறுப்பாக நின்ற அது ஃபேக்டரி ஒர்க்ஷாப்பில் வெல்டிங் வைக்கிற ஆக்சிஜன் சிலிண்டர். மாமா அதன் வாயைத் தடவிப் பார்த்துவிட்டு ரெகுலேட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மாமாவுடையது இரும்பு வளையத்தைச் சிலிண்டரின் வாய்க்கு மேலே கவிழ்த்துப் பின்னாலிருந்து திருகி இறுக்குகிற வகை. இந்தச் சிலிண்டரின் வாயிலோ உள்ளே திருகு மரை வெட்டியிருந்தது. இரண்டும் சேரவே சேராது.

ஒர்க்ஷாப் ஃபிட்டர் சுடலைமுத்து, "இதுக்கா மலைக்கிய அண்ணாச்சி? ராவோட ராவா லேத்துல ஒரு இணைப்பு கடைஞ்சு தாரேன். விடியக்காலம் இறங்கிருவிய" என்றார்.

"வாயச் சேத்துப்போடலாங்க. உள்ள இருக்கறது தனி ஆக்சிஜனுங்க. எனக்கு வேண்டியது சாதாரணக் காத்து."

"மூச்சுக்கு அதானய்யா வேணும்? ஆஸ்பத்திரில சாகக் கெடக்கவனுக்கே அதத்தான குடுக்காவ?"

மாமா பொறுமையாகச் சொன்னார். ஆஸ்பத்திரி தரைக்கு மேலே இருக்கிறது. இருபத்தைந்து அடிக்குக் கீழே போனால் தனி ஆக்சிஜனே விஷமாகும். கை கால் வெட்டி இழுக்கும், குழாய் வாயிலிருந்து விழுந்துவிடும். இங்கே ஆழம் அறுபது அடி. தவிர, அவருடைய ரெகுலேட்டருக்குள் கிரீஸ் பூசியிருக்கிறது. அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் கிரீஸில் பட்டால் திறக்கும்போதே தீப்பிடிக்கும். சிலிண்டரில் சாதாரணக் காற்றை நிரப்ப, டயருக்குக் காற்றடிக்கிற மெஷினும் உதவாது. அதற்கு அழுத்தம் போதாது, எண்ணெய்ப் புகையும் கலந்து வரும்.

"கடல்ல முக்குளிச்சவனுக்குக் கொளத்தக் கண்டா பயமாடா?" என்றார் அப்பா, எல்லோர் முன்னாலும்.

மாமா ஃபேக்டரி டெலிபோனில் கொச்சிக்கு ட்ரங்க் கால் போட்டு, கூட வேலை செய்த நண்பரிடம் பொருந்துகிற சிலிண்டர் கேட்டார். வர இரண்டு நாள் ஆகும் என்றார் நண்பர். அக்கா வந்து மாமாவின் காலைப் பிடித்தாள்.

"ஒரே ஒருக்கா எறங்கிப் பாருங்க மாமா. மொகத்தையாவது பாக்கோணுமுங்க."

அதுவரை திரும்பி வருவார் என்றவள், அப்போதுதான் முதல் தடவையாக முகத்தையாவது பார்க்க வேண்டும் என்றாள். சொன்னதும் தானே பயந்துபோய், திரும்பப் போய்க் கம்பளியைத் திருப்பிப் போட்டாள்.

இரண்டு நாளும் மாமா யாருடனும் சாப்பிடவில்லை. கொச்சி ஜீப் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. வளையம் ஒரே திருகில் உட்கார்ந்தது. மாமா இறங்கினார். மேலே வந்த குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நானும் மூச்சைப் பிடித்தேன். என்னால் கொஞ்ச நேரம்தான் முடிந்தது. இரண்டாவது தடவை மாமா மேலே வந்தபோது தனியாக வரவில்லை.

முகத்தை அக்காவுக்குக் காட்டவில்லை. காட்டுகிற நிலையில் இல்லை என்று பெரியவர்கள் மூடிவிட்டார்கள். சட்டையில் ஒரு பொத்தானை அவள் பச்சை நூலால் தைத்திருந்தாள். அதை மட்டும் பார்த்தாள். பிறகு மாமாவிடம், "முந்தாநேத்தே எறங்கியிருந்தா மொகம் பாத்திருப்பேனுங்க" என்றாள். அதற்குப் பிறகு அவரோடு அவள் பேசவே இல்லை. அப்பாவும் பேசவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. உடுமலையில் பதினோரு மணிக்குள் இருந்தால் மூணாறு பஸ்ஸைப் பிடிக்கலாம். மாசியிலும் மேலே குளிர் உண்டு, கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். முக்குளிக்கிற ஆளைக் கூட்டிப்போகிறவர்கள், சிலிண்டர் இருக்கிறது என்று மட்டும் தந்தி அடிக்காதீர்கள். உள்ளே இருப்பது காற்றா ஆக்சிஜனா, வாய் வளையம் மாட்டுவதா மரை போட்டதா என்று கேட்டு எழுதுங்கள். தந்தியில் நாலு வார்த்தை கூடும், அவ்வளவுதான். கேட்டிருந்தால் மாமா முதலமடையிலிருந்தே கொச்சிக்குப் பேசியிருப்பார். எங்களுக்கு ஒரு நாளாவது மிஞ்சியிருக்கும்.

கொச்சி ஜீப்பிலேயே மாமா கிளம்பிப் போனார். ஏறும் முன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உசுரோட இருப்பான்னு துளி நம்பிக்கை இருந்திருந்தாலும், அந்த ஆக்சிஜனையே மாட்டிட்டு எறங்கியிருப்பேன் கண்ணு" என்றார்.

அவர் என்ன சொன்னார் என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். நன்றாகப் படிக்கச் சொன்னார் என்றேன். உண்மையைச் சொன்னால் மாமா பயந்து பின்வாங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் கம்பளியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது, அந்தக் கம்பளி யாருக்கும் வேண்டியிருக்காது என்று அங்கே இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

பத்திரிகையை அக்கா படிப்பாள். நாளை நல்ல தாளில் எடுத்தெழுதும்போது மாமா சொன்ன அந்த வரியையும் அதைப் பற்றி எழுதியதையும் விட்டுவிடுவேன். பஸ் நேரமும் சிலிண்டரின் வாயும் இருக்கும்.