சந்தன வாசனை வந்த வாய்க்கால்

முந்தாநாள் கப்பலில் எங்கள் தீவுக்கு வந்திறங்கிய தோழி, மெயின்லேண்டிலிருந்து எனக்கென்று ஒரு சந்தன சோப்பு கொண்டுவந்தாள். உறையைப் பிரித்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை, உங்களுக்காவது சொல்கிறேன்.

பொறியாளர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைபவளாக அரசு வேலையில் சேர்ந்த புதிதில், மின்னி பே என்கிற இடத்தில் கூலித் தொழிலாளர் லைன் வீடுகளில் கடைசி அறை எனக்குக் கிடைத்தது. மேட்டில் அதிகாரிகளின் பங்களாக்கள்: கடற்காற்று, மாமர நிழல், நாள் முழுக்கக் குழாய்த் தண்ணீர். அவர்கள் குளித்த தண்ணீர் மண் வாய்க்காலில் இறங்கி, எங்கள் வாசலைத் தொட்டு, எங்களுக்கிருந்த ஒரே கிணற்றின் ஓரமாகப் போகும். காலையில் அதில் பெரிய அதிகாரியின் சந்தன சோப்பு வாசனை எழும்பினால் பக்கத்து அறைக் கனகம் அக்கா குரல் கொடுப்பார்: “படா சாஹிப் குளிச்சாச்சு தங்கச்சி! ஆபீசுக்குக் கெளம்பு.” என்னிடம் கைக்கடிகாரம் இருந்தது, ஆனாலும் அக்காவைத்தான் நம்பினேன்.

இந்தச் சிரிப்பெல்லாம் மழை வரும்வரைதான். நான் சேர்ந்த வருட மழையில் வாய்க்கால் பொங்கிக் கிணற்றில் இறங்கியது. அக்காவின் சின்ன மகள் வயிற்றுப்போக்கில் பிழைத்ததே பெரிய விஷயம். கடல்வரை சிமெண்டு வாய்க்கால் வேண்டுமென்று நானே படம் வரைந்து கொடுத்தேன். கோடுகள் அழகாயிருப்பதாகப் பொறியாளர் பாராட்டினார். அத்தோடு சரி.

மறுபடி மேகம் திரண்டபோது அக்கா என் வாசலில் வந்து நின்றார். கல் உடைக்கிற கைகள் இரண்டும் இடுப்பில்.

“கெணத்துப் பக்கம் விடாம மறிச்சா, இந்த நாலித் தண்ணி வேற எங்குட்டு ஓடும்?”

படத்துக்காக நான் அளந்த சரிவுதானே, யோசிக்காமல் சொன்னேன்: “அதிகாரிங்க கிளப் பேட்மின்டன் கோர்ட்டுக்கு.”

“அச்சா,” என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை லைன் பெண்கள் அத்தனை பேரும் வாய்க்காலைத் திருப்ப மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள். நானும் போனேன், எனக்குக் கொப்புளம்தான் மிச்சம். முதல் மழைக்கு, கோர்ட்டின் வெள்ளைக் கோடுகள்மேல் சோப்பு நுரை மிதந்தது. பொறியாளர் குடையோடு ஓடிவந்தார்.

“யாரு வெட்டினது?”

“நாங்கதான் சார்,” என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். “ஒங்க தண்ணிதான, ஒங்ககிட்டயே வந்துருச்சு.”

அந்த வாரமே சிமெண்டு மூட்டைகள் இறங்கின. என் படம்தான், ஒரு கோடு மாறவில்லை.

இப்போது லைனை இடித்துவிட்டார்கள். கிணற்றை மூடியாயிற்று. அக்கா குடும்பம் சிப்பிகாட் பக்கம் போனதாகச் சொல்கிறார்கள். வாய்க்கால் மட்டும் விரிசலில்லாமல் ஓடுகிறது. இன்று காலை அதன் ஓரமாக நடந்தேன், அதே வாசனை. மேட்டில் யாரோ குளித்தாயிற்று. எனக்கு நேரமாயிற்று என்று சொல்லத்தான் ஆளில்லை.