படத்துக்குக் கீழே ஒரு வரி

ஓமந்தூரில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்து, திண்டிவனத்தில் படித்து, விழுப்புரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்து, ஊர்ப்பட்ட கல்யாணங்களைப் படம் எடுத்தவர் எங்கள் அண்ணன். தம்மை மட்டும் ஒரு நல்ல படம் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நினைவு மலரின் அட்டையில் நீங்கள் பார்ப்பது ஏதோ விண்ணப்பத்துக்கு எடுத்தது. வீடு முழுக்கத் தேடியும் வேறு கிடைக்கவில்லை.

எங்கள் சிறு வயதிலேயே அப்பா தவறிவிட, என்னைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்தது அண்ணன்தான். என் எழுத்தில் அவருக்கு அப்படியொரு பெருமை. அதனால்தான் இந்தக் கட்டுரையும் என் தலையில் விழுந்திருக்கிறது.

சேவைச் சங்கத்தில் அவரைச் சேர்த்ததே கேமராவுக்காகத்தான். பனமலையில் கண் சிகிச்சை முகாம், கோடையில் மோர்ப்பந்தல், புயல் மழைக்குப் பின் பாயும் போர்வையும் என்று சங்கம் எதைச் செய்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தையல் மிஷின் கொடுத்தால் பத்துப் பேர் அதைத் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். வாங்குகிறவர் நடுவில் எங்கோ அகப்பட்டுக்கொண்டிருப்பார். படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது, கீழே போடும் வரியை அண்ணன் என்னிடம் எழுதி வாங்குவார்.

கணவரை இழந்திருந்த கோலியனூர் அஞ்சலை அம்மாவின் படமும் அப்படித்தான் போனது. "ஆதரவற்ற விதவைக்குத் தையல் இயந்திரம்" என்று எழுதினேன். உருக்கமாக வந்திருக்கிறது என்று எனக்கு ஒரே திருப்தி.

படம் வந்த மூன்றாம் நாள் அஞ்சலை அம்மா ஷேர் ஆட்டோவில் மிஷினை ஏற்றி வந்து ஸ்டுடியோ வாசலில் இறக்கினார். நானும் அங்கே இருந்தேன்.

"எம் பொண்ணு இஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குது சார். பேப்பரக் காட்டிக் காட்டி சிரிக்கிறாங்களாம். எனக்கு அம்மா இருக்குது, தம்பி இருக்கான், ரெண்டு கை இருக்குது. ஆதரவில்லாதவன்னு எழுதுனது யாரு?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன், "நான்தாம்மா. தப்புதான், மன்னிச்சிக்கோங்க," என்றார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அண்ணனே மிஷினைக் கோலியனூருக்குக் கொண்டுபோனார். பள்ளிக்கூடத்திலும் போய்ப் பேசினார். ஒரு வாரம் கழித்துப் பெண் பள்ளிக்குத் திரும்பினாள். மிஷினை வாங்கிக்கொண்ட அஞ்சலை அம்மா அண்ணனிடம் மட்டும் அதற்குப் பிறகு பேசவே இல்லை. எதிரே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அண்ணனுக்கு அது கடைசிவரை உறுத்தியது.

வாங்குகிறவர்களின் முகத்தை இனி எடுக்க மாட்டேன் என்று சங்கத்தில் அண்ணன் சொன்னபோது தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாய்யா பேஜாரு பண்ற? போட்டோ இல்லாம எவன் நம்புவான்?"

"மிஷின எடுக்கறேன். அதுக்கு வெக்கம் கெடையாது," என்றார் அண்ணன்.

அன்று முதல் சங்கத்தின் ஆல்பத்தில் மிஷின்களும் சக்கர நாற்காலிகளும் தனியாக நிற்கின்றன. பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அதுவரை கேட்கக் கூச்சப்பட்டவர்கள் அதன் பிறகுதான் சங்கத்துக்கு வந்தார்கள். எங்கள் அண்ணனின் பெரிய சேவை அதுதான் என்பேன்.

பல வருடம் கழித்து, அண்ணன் கடைசியாக மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது அவரிடம் கேட்டேன், "அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிடட்டுமாண்ணே?"

"வுடு. உன்ன எழுதச் சொன்னவன் நான்தான?" என்றார்.

விட முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அஞ்சலை அம்மா மகளோடு வந்திருந்தார். "அந்த வரிய எழுதுனது நான்தாம்மா, அண்ணன் இல்ல," என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"இத்தன வருசமா அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்த பேசாம இருந்துட்டனேம்மா," என்று அழுதார். நானும் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். "என்ன ஒரு போட்டோ எடு. சாருக்குப் புக்கு போடுவீங்க இல்ல, அதுல போடு."

அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், அண்ணியை அடுப்பு மூட்டவிடாமல் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்த அண்டை வீட்டார், தோள் கொடுத்த சங்க நண்பர்கள், தூரத்திலிருந்து வந்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் இருப்பது அஞ்சலை அம்மாவின் படம். கீழே என்ன எழுதட்டும் என்று இந்த முறை அவரையே கேட்டேன்.

"டெய்லர் அஞ்சலை, கோலியனூர்னு எழுது," என்றார்.

அப்படியே எழுதியிருக்கிறேன்.